பாலத்தை இடித்த ஊர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் உள்ள ஒரு சிறு நகரத்துக்குக் குடிபெயர்வது பற்றிப் பேச இயலுமா என்று நிலையத்தார் கேட்டபோது, நியூ ஜெர்சியிலிருந்து 2017-இல் நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொன்னாலே போதும் என்றார்கள். கேள்வி எளிதுதான். ஆனால் அன்று உறவினர்களிடம் நான் சொன்ன காரணங்கள் வேறு, இன்று சொல்லத் தோன்றும் காரணம் வேறு. அன்று வாடகை, வரி, பனி அள்ளும் தொல்லை என்று அடுக்கினேன். இன்று யாராவது கேட்டால், ஆற்றை மறைத்து நின்ற ஒரு பாலத்தை இடித்த ஊர் அது, அதற்காகவே போகலாம் என்பேன்.

ஊரின் பெயர் கிரீன்வில். தென் கரோலினா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில், அட்லாண்டாவையும் சார்லட்டையும் இணைக்கும் 85-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வாழ்பவர்கள் 70,720 பேர். நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டி முழுவதையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். ஊருக்கு நடுவே ரீடி என்ற சிற்றாறு ஓடுகிறது. மழைக்காலத்து வாய்க்காலைவிடச் சற்றே அகலமான அந்த ஆறு, கடைத்தெரு முடியும் இடத்தில் பாறைகளின் மேல் அருவியாக இறங்குகிறது. அந்த அருவியை ஒட்டித்தான் ஊரே பிறந்தது. மாவு அரைத்த ஆலைகளும் பின்னர் வந்த பஞ்சாலைகளும் அதன் விசையைத்தான் நம்பியிருந்தன.

நான் திருப்பூரில் பிறந்தவள். என் தந்தையார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நான் பள்ளிக்குப் போன காலத்தில் நொய்யல் ஒரு நாள் ஊதாவாகவும் மறு நாள் சிவப்பாகவும் ஓடும். சாயப்பட்டறைகளில் அன்று எந்த நிறம் ஓடுகிறதென்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடுவோம். கிரீன்வில்லுக்கு வந்த முதல் மாதத்தில், பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் தம் சிறு வயது ரீடி ஆற்றைப் பற்றி ஏறக்குறைய இதே சொற்களில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றை என்னவோ செய்தது. உலகின் நெசவுத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஊர் அது. 1915-இலிருந்து அங்கே நெசவு இயந்திரக் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. ஆலைகள் செழித்தவரை ஆறு சாக்கடையாக இருந்தது. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வேலையும் போயிற்று.

1960-இல் அந்த அருவிக்கு நேர் மேலே நான்கு தடங்கள் கொண்ட ஒரு கான்கிரீட் பாலத்தைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அங்கே அருவி இருந்ததே மறந்துபோகும் அளவுக்கு அது மறைந்துவிட்டது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அருவியைப் பார்த்ததில்லை என்று சொன்னவர்களை நானே சந்தித்திருக்கிறேன். 1967-இல் ஒரு தோட்டச் சங்கத்துப் பெண்கள் பாலத்தடியிலிருந்த 26 ஏக்கர் நிலத்தை மீட்டுப் புதரையும் குப்பையையும் அகற்றத் தொடங்கினார்கள். அது நடந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2002-இல், நல்ல நிலையில் இருந்த அந்தப் பாலத்தை நகரம் இடித்தது. வண்டிகள் எந்த வழியாகப் போகும் என்று கேட்டு எதிர்த்தவர்கள் பலர். வண்டிகளுக்கு வேறு தெருக்கள் கிடைத்தன. 2004-இல் அதே இடத்தில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது; அருவிக்கு எதிரே, நடப்பவர்களுக்கு மட்டுமான ஒரு பாலம், வில்லாக வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து வரும் கம்பிவடங்களில் மட்டும் தொங்கிக்கொண்டு, ஏறக்குறைய 350 அடி நீளத்துக்கு நிற்கிறது. அதில் நடந்தால் காலடியில் மெல்லிய அசைவு தெரியும். முதல் முறை என் மகள் பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது வேண்டுமென்றே நடுவில் நின்று குதிக்கிறாள்.

பாலத்தை இடிக்கும் துணிவு அந்த ஊருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதன் தொடக்கத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் நிற்கிறார். மேக்ஸ் ஹெல்லர் 1919-இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1937-ஆம் ஆண்டுக் கோடையில், நடனம் நடந்த ஓர் இடத்தில், அமெரிக்காவிலிருந்து சுற்றிப்பார்க்க வந்திருந்த மேரி மில்ஸ் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அவள் ஊர் கிரீன்வில். அடுத்த ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும், அந்தப் பெண்ணுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அவள் தன் ஊரில் சட்டைத் தொழிற்சாலை வைத்திருந்த ஷெப்பர்ட் சால்ட்ஸ்மன் என்பவரிடம் போய்ப் பேசினாள். அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். 1938-இல் கிரீன்வில்லுக்கு வந்திறங்கிய ஹெல்லருக்கு அந்தத் தொழிற்சாலையில் தரை கூட்டும் வேலை. பத்து ஆண்டுகளில் சொந்தமாகவே சட்டைக் கம்பெனி ஆரம்பித்தார். 1971-இலிருந்து 1979 வரை அந்த ஊரின் மேயராக இருந்தார்.

மேயராக அவர் செய்த முக்கியமான காரியம் சாலையைக் குறுக்கியது. அகலப்படுத்தியதாகச் சொன்னேனோ என்று யாரும் ஐயப்பட வேண்டாம், குறுக்கியதுதான். நான்கு தடங்களாக இருந்த கடைத்தெருவை இரண்டாக்கி, மிச்ச இடத்தில் நடைபாதையை விரித்து, இருபுறமும் மரம் நட வைத்தார். தெரு என்பது நடந்து போகிறவர்களுக்கும் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் உரியது என்பது வியன்னாவில் வளர்ந்தவருக்குப் பழகிய வழக்கமாக இருந்திருக்க வேண்டும். கடைகள் புறநகர் மால்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று அந்த மரங்கள் தெருவுக்கு மேல் கைகோத்து நிற்கின்றன. ஜூலை மாத வெயிலிலும் ஒரு மைல் தூரம் நிழலில் நடக்கலாம். வழியில் பெருவிரல் அளவு வெண்கல எலிகள் ஒன்பதை ஆங்காங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு பள்ளி மாணவனின் யோசனை. ஒன்பதையும் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

வேலை கிடைக்குமா என்பதுதான் பொதுவாக முதலில் வரும் கேள்வி. மிஷெலின் டயர் நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலுள்ள கிரியர் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 1994-இலிருந்து கார் தயாரிக்கிறது. மின் நிலையங்களுக்கான எரிவாயுச் சுழலிகளும் இங்கே செய்யப்படுகின்றன. ஆகவே இயந்திரவியல், மின்னியல் படித்தவர்களுக்கு வாய்ப்பு நிறைய உண்டு. மென்பொருள் துறையில் இருப்பவர்கள், வீட்டிலிருந்து செய்யும் வேலை கையில் இல்லாவிட்டால், சற்று யோசித்துத்தான் வர வேண்டும்.

வரி விஷயத்தில் எங்களுக்கு ஏற்பட்ட ஒரு சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். தென் கரோலினாவில் நாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்குச் சொத்து மதிப்பில் 4 விழுக்காட்டைக் கணக்கில் எடுத்து வரி போடுகிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 6 விழுக்காடு. அத்துடன், குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளிகளின் நடைமுறைச் செலவுக்கான வரியும் கிடையாது. ஆனால் இந்தச் சலுகை தானாக வராது. இந்த வீட்டில்தான் வசிக்கிறோம் என்று கவுண்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு வாங்கிய களைப்பில் நாங்கள் அதை மறந்துவிட்டோம். முதல் ரசீது எதிர்பார்த்ததைவிட இரு மடங்கைத் தாண்டி வந்தபோது, என் கணவர் வேறு யாருடைய ரசீதோ தவறி வந்துவிட்டது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு என்பது நியூ ஜெர்சியிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. அரிசி, பருப்பு, காய்கறிக்கு மாநில விற்பனை வரி இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளலாம்.

நிலமும் சாப்பாடும் நம்மவர்களுக்கு அந்நியமாக இருக்காது. மண் நல்ல செம்மண். வெண்டைக்காய் அந்த ஊர்க்காரர்களின் அன்றாடக் காய். எல்லாவற்றுக்கும் மேலே, சாலையோரம் பெரிய அண்டாவில் உப்புப் போட்டு அவித்த கடலை விற்கிறார்கள். வேகவைத்த நிலக்கடலையை 2006-இலிருந்து தென் கரோலினா தன் அதிகாரபூர்வமான தின்பண்டமாகவே அறிவித்திருக்கிறது. நான் முதன்முதலில் வாங்கிய இடத்தில் கடலைக்காரர், இதை எப்படித் தின்பதென்று எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். நான் ஒரு கையாலேயே தோலை நசுக்கி, உள்ளிருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் பருப்பை வாயில் போட்டதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் பையில் கொட்டினார். காசு கேட்கவில்லை. கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து ஊரான மால்டினில் வேதிக் சென்டர் இருக்கிறது. பெரிய கோயில், பெரிய தமிழ்க் கூட்டம், நல்ல முருங்கைக்காய் மூன்றும் வேண்டுமென்றால் அட்லாண்டாவுக்குக் காரை எடுக்க வேண்டியதுதான்.

இனிக் குறைகள். அந்தக் கடைத்தெருவையும் ஆற்றங்கரையையும் விட்டு இரண்டு மைல் வெளியே போனால், அது மற்ற அமெரிக்க ஊர்களைப் போலவே நடைபாதை இல்லாத ஊர். கார் இல்லாதவருக்குக் காலில்லை. அருவியை நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் வீடு வாங்க இப்போது பெரும் பணம் வேண்டும். தலைமுறைகளாக அங்கே குடியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் பல, விலை ஏறியதால்தான் விலகிப் போயின. ஊர் அழகானதும் அவர்கள் வெளியேறியதும் ஒரே கதையின் இரு பக்கங்கள், ஒன்றை மட்டும் சொல்வது முறையல்ல. ஏப்ரலை ஒட்டிச் சில வாரங்கள் பைன் மரத்து மகரந்தம் மஞ்சள் பொடியாகக் காரின் மேல், திண்ணையின் மேல், மூக்குக்குள் என்று எங்கும் படியும். 2024 செப்டம்பர் 27-ஆம் நாள் ஹெலீன் சூறாவளி கடந்தபோது, கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் என்ன வந்துவிடும் என்று தூங்கிய எங்கள் தெருவில் பதினோரு மரங்கள் சாய்ந்து, ஆறு நாள் மின்சாரம் இல்லை. அந்த ஆறு நாளும் எதிர்வீட்டார் தம் வாசலில் கேஸ் அடுப்பை வைத்துத் தெருவுக்கே காப்பி போட்டார்கள்.

தெற்கு என்றதும் நம்மவர்கள் மனத்தில் எழும் இன்னொரு கேள்வி, நிறம் பற்றியது. வாய் திறந்து கேட்கமாட்டார்கள், ஆனால் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இந்த ஊரின் வரலாற்றில் அதற்கான காரணம் இருக்கிறது. 1960 ஜூலை 16 அன்று, வெள்ளையருக்கு மட்டுமான பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்காக எட்டுக் கறுப்பின மாணவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அதே ஊரில் பிறந்து, பின்னாளில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன். எல்லாரையும் சமமாக உள்ளே விடுவதைவிட நூலகத்தையே பூட்டுவது மேல் என்று சில நாள் பூட்டிப் பார்த்து, பின்னர் அந்த ஆண்டு செப்டம்பரில் எல்லாருக்கும் திறந்தார்கள். அகதியாக வந்து மேயராகிய ஹெல்லர்கூட 1978-இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது பிரசாரத்தில் இழுக்கப்பட்டது, தோற்றுப்போனார். என் சொந்த அனுபவத்தில் கடையிலும் பள்ளியிலும் நான் பார்த்தது பெரும்பாலும் மரியாதைதான். அவர்கள் பேச்சு மெதுவானது, முன்பின் தெரியாதவரையும் நின்று விசாரிக்கும் பேச்சு. வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் இருந்தாலும் நாளடைவில் நாமும் அப்படியே பேசத் தொடங்கிவிடுகிறோம். ஒன்றிரண்டு முறை வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலும் நடந்திருக்கிறது.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்த பிறகும் அந்த ஊருக்குப் போகலாம் என்று நான் சொல்வதற்கு, 2019-இல் என் தந்தையார் வந்திருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாள்களை நேரில் பார்த்தவர் அவர். வேலை போனவர்களையும் தெரியும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீரால் நிலம் கெட்டவர்களையும் தெரியும். அதனால் ஆறா பிழைப்பா என்ற கேள்வியை யார் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவார். அவரை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பழைய ஆலையின் கற்சுவர் மிச்சம் அங்கே இன்றும் இருக்கிறது. அருவியைப் பார்த்ததும் படம் எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நேராக அந்தச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

'இங்கயும் பட்டறை இருந்துதா கண்ணு?' என்றார்.

இருந்தது என்றேன்.

'மூடி எத்தனை வருசம் கழிச்சுத் தண்ணி தெளிஞ்சுது?'

அதற்கு என்னிடம் சரியான விடை இல்லை. முழுவதும் தெளிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1996-இல் நகருக்குத் தெற்கே குழாய் உடைந்து ஏறக்குறைய 10 லட்சம் கேலன் டீசல் இதே ஆற்றில் கலந்திருக்கிறது, இன்றும் அதில் யாரும் குளிப்பதில்லை. அதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பாறைமேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால்களைத் தண்ணீரில் விட்டார். குளிக்கத்தானே கூடாது, கால் நனைக்கலாமல்லவா என்றார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.