வாங்கின அட்வான்ஸும் ஊர் பேசும் பேச்சும்

(மனிதக் கடத்தல் எதிர்ப்பு நாளையொட்டி ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஜூலை 30ஆம் தேதியை மனிதக் கடத்தலுக்கு எதிரான நாளாக ஐ.நா. பொதுச்சபை 2013இல் அறிவித்தது. கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றிப் போவதுதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் வட்டாரத்தில், நகரி, புத்தூர், சத்தியவேடு, எல்லை தாண்டினால் திருத்தணி, ஊத்துக்கோட்டை, இங்கெல்லாம் ஆளைக் கொண்டுபோகிறவன் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவன். பெயர் சொல்லிக் கூப்பிடும் மேஸ்திரி, முதலாளிக்கு ஆள் சேர்த்துவிடுகிறவன். “பொண்ணுக்குக் காதுகுத்து வச்சிருக்கியாமே, கையில காசு இருக்கா?” என்று கேட்டுவிட்டு நோட்டை எண்ணி வைக்கிறான். ஒரு சீசன் சூளையில் செங்கல் அறுத்தால் கழிந்துவிடும் என்கிறான்.

கழிவதில்லை. செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு குடும்பத்தின் கணக்கு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் செலவுக்காசு என்று ஒரு வரி. அரிசிக்கு ஒரு வரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி. நடுவில் ஒரு வாரம் அறுத்த கல்லின் கணக்கு முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. அந்த வாரம் மழை. காயாத பச்சைக்கல் கரைந்துபோனால் நட்டம் முதலாளிக்கு இல்லை, அறுத்தவனுக்கு. நடுச்சாமத்தில் எழுந்து மண்ணை மிதித்ததும் கல் அறுத்ததும் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும்தான். நோட்டில் அவன் பெயர் மட்டும் இருந்தது. அவள் உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் நின்ற கடன், முதல் பக்கத்தில் எழுதிய அட்வான்ஸைவிட அதிகம்.

இதற்குச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. திருப்பித் தர வேண்டியதில்லை, வாங்குவதே குற்றம். வழக்கு என்று வந்தால் அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. “சம்மதிச்சுத்தானே போனான்” என்று சிலர் கேட்கிறார்கள். ஏமாற்றியோ மிரட்டியோ கூட்டிப்போய்ச் சுரண்டினால், போனவன் சம்மதித்தானா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு. பாதிக்கப்பட்டது ஒருவருக்கு மேல் என்றால் பத்து ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

சரி, சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் வெளியே வருவதில்லை? அடி உதைக்குப் பயம் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த மனிதர்கள் நாணயமானவர்கள். இருளர், யானாதி என்று எந்தப் பழங்குடியாகட்டும், வாங்கின பணத்தைக் கட்டாமல் போவது பாவம் என்று மனசார நம்புகிறார்கள். அந்த நாணயத்தைத்தான் முதலாளி சங்கிலியாக்கிக் கட்டி வைக்கிறான். அப்புறம் நாம் இருக்கிறோம். தப்பித்து ஊர் வந்தவர்களைப் பார்த்து நாம் முதலில் சொல்வது என்ன? “அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடி வந்துட்டாங்க.” டீக்கடையில் சொல்கிறோம், குழுக் கூட்டத்தில் சொல்கிறோம். மேஸ்திரி தேடி வந்தால் வீட்டையும் காட்டுகிறோம். இதை நாம் இன்றோடு விட வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன்.

2025 மே மாதம் செய்தித்தாளில் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் பக்கத்தில்தான். அட்வான்ஸுக்கு ஈடாக வாத்து மேய்க்க விட்டுப்போகும்படி முதலாளி சொன்ன பிள்ளை. தாய் பணத்தைப் புரட்டிக்கொண்டு கூப்பிடப் போனபோது பிள்ளை இல்லை. பாலாற்றுப் பக்கம் புதைத்திருந்தார்கள். வாத்துப் பட்டியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூட நேரத்தில் வாத்துக்குப் பின்னால் போகிற பிள்ளையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ சந்தைக்கு ஒருவர் மட்டும் வருவார். குடும்பத்தில் மற்றவர்கள் உள்ளேயே இருப்பார்கள், இவர் திரும்பி வருவதற்குப் பிணையாக. வாரா வாரம் இப்படியே நடந்தால் சந்தேகப்படுங்கள். சப்-கலெக்டரிடமோ ஆர்டிஓ என்கிற வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சொல்லுங்கள், அவசரமென்றால் 112.

குவைத்துக்கு வீட்டு வேலை என்று விசிட் விசாவில் அனுப்புகிற ஏஜென்ட்டும் இதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு. விசிட் விசாவில் போய் வேலை பார்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

மீட்டு வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். பாடு அங்கேதான் தொடங்குகிறது. ஆர்டிஓ ஆபீசில் வரிசையாகத் தரையில் உட்காரவைத்து ஆளாளுக்கு போட்டோ எடுக்கிறார்கள், சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அந்த முகங்கள். மீட்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பெரியவர்கள் என்றாலும் அவர்களைக் கேட்காமல் எடுப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

அவர்களுக்கு முதலில் வேண்டியது, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ். வேலை பார்த்தது திருவள்ளூர் மாவட்டம், ஊர் சித்தூர் மாவட்டம் என்றால் அங்கே போ, இங்கே வா என்று அலைக்கழிப்பார்கள். மீட்ட இடத்து அதிகாரிதான் சான்றிதழ் தர வேண்டும். அது கையில் இல்லாமல் வண்டி ஏறவே கூடாது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு, அதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்த வழக்குகளில் மூன்று லட்சம் என்று மறுவாழ்வுத் தொகை தனியாக இருக்கிறது. ஆனால் ஆதார் மேஸ்திரியிடம் சிக்கியிருக்கும், பேங்க் கணக்கு இருக்காது, சாதிச் சான்றிதழுக்கு எம்ஆர்ஓ என்கிற தாசில்தார் ஆபீசில் ஆறு மாதம் இழுப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் அடுப்பு எரிய வேண்டுமே. அடுத்த பொங்கல் கழிந்ததும் அதே மேஸ்திரி வருவான்.

அதனால் மகளிர் குழுக்களிடம் ஒன்று கேட்கிறேன். திரும்பி வந்த குடும்பத்துக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். பேங்குக்குக் கூடப் போங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100இல் சட்ட உதவி இலவசம். அந்தப் பெண்ணைக் குழுவில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்த அவசரத்துக்கு மேஸ்திரியிடம் கை நீட்டாமல் உங்களிடம் கேட்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கொத்தடிமை ஒழிப்புக்குக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அதில் எஸ்.சி., எஸ்.டி. மக்கள் மூன்று பேரும் சமூகப் பணியாளர் இரண்டு பேரும் உட்கார வேண்டும் என்கிறது 1976 சட்டம். நம் கோட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழிலும் தெலுங்கிலும் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுக்கப் போகிறோம், என்னோடு வர முடிந்தவர்கள் பேரும் சொல்லிவிட்டுப் போங்கள்.