ஏற்காட்டுக் கிளை மலையிலேயே இருக்கட்டும்

(சேலத்தில், சாரணியர் குழுக்களை நடத்தும் கேப்டன்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிறிய கிளைகளைச் சேலத்தோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை நம் முன்னால் இருக்கிறது. கணக்கு, பதிவேடு, சந்தா எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஏற்காட்டுப் பிள்ளைகளின் பயிற்சியும் தேர்வும் முகாமும் அதோடு சேர்ந்து மலையிறங்கிவிடக் கூடாது.

1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, யாரும் கூப்பிடாமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். எங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு சாரணியர் இயக்கம் பிறந்தது. பிள்ளைகள் முதலில் வந்தார்கள், அமைப்பு அப்புறம்தான் வந்தது. நம் நாட்டில் 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கம் பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்தது. இணைந்தும் கரைந்துவிடவில்லை. சாரணியர் பிரிவுக்குத் தனி ஆணையர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் ஏற்காட்டுக்கும் கேட்கிறேன்.

சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தானே என்கிறார்கள். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பிள்ளைகள் முதலில் ஏற்காடு வந்து, பிறகு சேலத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அரை நாள் பயிற்சி முழு நாளை விழுங்கிவிடும். இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது என்றால் எந்தத் தாய் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அனுப்புவாள்? அனுப்பாதது அவள் தப்பில்லை. நாமோ பதிவேட்டில் 'வருகை குறைவு' என்று எழுதுவோம், பிறகு அதையே காட்டிக் கம்பெனியை, அதாவது அந்தச் சாரணியர் குழுவை, மூடுவோம்.

இன்னொன்று. சேலத்தில் உட்கார்ந்து நாள் குறித்தால் முகாமை அரையாண்டு விடுமுறையில்தான் வைப்போம். மலையில் அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவாள், தம்பி தங்கைகளை மூத்த பெண்தான் பார்த்துக்கொள்வாள். நமக்கு வேண்டிய அணித்தலைவி பெரும்பாலும் அந்த மூத்த பெண்தான். மலையிலேயே இருக்கும் கேப்டனுக்கு இது தெரியும். பறிப்பு தொடங்குமுன் முகாமை முடித்துவிடுவார்.

மலைப் பள்ளி ஒன்றில் வாரக் கூட்டம் பார்த்தேன். அணித்தலைவி தன் ஸ்கார்ஃபைக் கழற்றி வராந்தாத் தூணில் சுற்றி, புதிதாகச் சேர்ந்த சிறுமிக்கு க்ளோவ் ஹிட்ச் முடிச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. பெரியவள் தன் கையில் வாங்கவே இல்லை. "சுத்து, அடியில விடு, இழு" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். கடைசியில் முடிச்சு நின்றதும் அந்தச் சிறியவள் தூணையே இழுத்துப் பார்த்தாள்! ஆறேழு பேர் அணியாக, வாராவாரம் கூடினால்தான் இப்படி நடக்கும். கிளையை மாற்றும்போது அந்த அணி கலையக் கூடாது. மற்ற எதை மாற்றினாலும் எனக்குச் சரி.

ஆகவே என் திருத்தம் இது. கணக்கு சேலத்துக்கு வரட்டும். ஏற்காட்டுக்குத் தனிச் செயலாளர் இருக்கட்டும். சோபான் என்னும் படிநிலைத் தேர்வுகளுக்குத் தேர்வாளர்கள் மலையேறிப் போகட்டும், பயணப்படியை நாம் கொடுப்போம். கொட்டச்சேடு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குப்பனூர் வழியாக இறங்குவது சுலபம் என்றால் அவர்கள் அயோத்தியாப்பட்டணத்தில் கூடட்டும். பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எல்லையைப் போடுங்கள்.

ஒவ்வொரு கம்பெனியிலும் அணித்தலைவிகள் கூடிப் பேசும் கோர்ட் ஆஃப் ஆனர் இருக்கிறது. ஓட்டெடுக்குமுன் மலைக் கம்பெனிகளின் அணித்தலைவிகளிடம் இந்தத் திட்டத்தைக் கொடுத்து, என்ன சொல்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அது வந்து சேரும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.