மொகஞ்சதாரோவின் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். சிந்துவெளி நாகரிகம் என்றவுடன் பள்ளிப் பாடநூலில் பார்த்த ஒற்றைக் கொம்பு விலங்கின் முத்திரையும், தாடி வைத்த பெருமகனின் சிலையும், பெருங்குளமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நான் நெடுங்காலமாக மனத்தைப் பறிகொடுத்திருப்பதோ அந்த மக்கள் தோண்டிய கிணறுகளிடத்தும், அவர்கள் கட்டிய சாக்கடைகளிடத்தும். சாக்கடையைப் பற்றி வானொலியில் உரையா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மொகஞ்சதாரோ இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ளது. 1921-இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவிலும், அடுத்த ஆண்டு ராக்கால்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவிலும் அகழாய்வைத் தொடங்கினார்கள். 1924-இல் அன்றைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தார். அந்நகரங்கள் செழித்திருந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை.

முதலில் கிணறு. மழை மிகக் குறைவான நிலம் அது. ஆறு இருந்தது என்றாலும், நகரத்தார் குடிநீருக்கு ஆற்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. மொகஞ்சதாரோவில் எழுநூறு கிணறுகளாவது இருந்திருக்க வேண்டும் என்று, அங்கே பல்லாண்டு ஆய்வு செய்த ஜெர்மானிய அறிஞர் மிக்கேல் யான்சன் கணக்கிட்டார். தோண்டப்பட்டது நகரத்தின் ஒரு பகுதிதான் என்பதால் இது மதிப்பீடே; ஆயினும் மூன்று வீட்டுக்கு ஒரு கிணறு என்ற அளவில் அது அமைகிறது. வட்டமான அக்கிணறுகளுக்கென்றே ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் ஆப்பு வடிவில் செங்கல் சுட்டார்கள். சுற்றியுள்ள மண் உள்நோக்கி அழுத்த அழுத்த, அத்தகைய கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுவர் சரியாது. கிணற்று வாயின் செங்கற்களில் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடங்களைக்கூடக் காணலாம். கையால் நீர் இறைத்துப் பழகியவர்களுக்கு அந்தத் தடம் எப்படி விழுந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்று அங்கே செல்பவர்கள் ஒரு விந்தையைக் காண்கிறார்கள். கிணறுகள் தரைக்கு மேலே, ஆள் உயரத்தையும் தாண்டிக் கோபுரங்களாக நிற்கின்றன. கிணறு எப்படி மேலே நிற்கும்? பழைய வீடு இடிந்தால் அதன் மேலேயே புதிய வீட்டைக் கட்டினார்கள். தெருவின் மட்டமும் தலைமுறைதோறும் உயர்ந்தது. கிணற்றைக் கைவிட மனமில்லாமல், அதன் வாயில் மேலும் சில வரிசை செங்கல் அடுக்கி உயர்த்திக்கொண்டே போனார்கள். நான்காயிரம் ஆண்டுகளுக்குப் பின் அகழாய்வாளர்கள் மேலடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கியபோது, வீடுகள் போய்விட்டன, கிணறு மட்டும் நின்றுவிட்டது. பாட்டன் காலத்துக் கிணற்றிலேயே பேரனும் நீர் இறைத்தான் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தச் சான்று காட்டும்?

இறைத்த நீர் பயன்பட்ட பின் எங்கே போயிற்று என்பதுதான் என் விருப்பமான கேள்வி. வீடுகளில் குளிக்கும் இடத்தைச் செங்கற்களை நெருக்கமாகப் பதித்து, ஒரு மூலையை நோக்கிச் சரிவாக அமைத்தார்கள். அந்த மூலையிலிருந்து நீர் சுவரைக் கடந்து தெருச் சாக்கடைக்குச் சென்றது. சில வீடுகளில் இதற்குச் சுடுமண் குழாய்களும் உண்டு. தெருச் சாக்கடையைச் செங்கல்லாலோ கற்பலகையாலோ மூடினார்கள், வேண்டும்போது பெயர்த்தெடுக்கலாம். ஆங்காங்கே கசடு தங்குவதற்குக் குழிகளையும் வைத்தார்கள். சில சாக்கடைகளின் ஓரத்தில் சிறு சிறு மணற்குவியல்கள் கிடைத்துள்ளன. தூர்வாரியவர்கள் வாரியதை அப்படியே கரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் தெருக்களிலும் மழைக்காலத்துக்கு முன் இதே காட்சியைக் காண்கிறோம் அல்லவா?

ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கிணறு வெட்டிக்கொள்ளலாம், ஆனால் பல வீடுகளைக் கடந்து ஒரே சரிவில் ஓடும் சாக்கடையைத் தனியாக அமைக்க முடியாது. அளவும் மட்டமும் ஊர் கூடி ஒப்புக்கொண்டவையாக இருக்க வேண்டும். செங்கல்லே அதற்குச் சாட்சி. நீளம், அகலம், கனம் ஆகியவை நான்குக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள நகரங்களிலும் அமைந்துள்ளன. இதைக் கொண்டு அங்கே அனைவரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. முற்றமும் பல அறைகளும் கொண்ட பெரிய வீடுகளுக்கு அருகிலேயே ஓரிரு அறை வீடுகளும் இருந்தன. ஆயினும் ஐயத்துக்கிடமில்லாத அரண்மனையோ பெரும் அரச கல்லறையோ அங்கே கிடைக்கவில்லை. உழைப்பின் பெரும்பங்கு வீடுகளுக்கும் தெருக்களுக்கும் சென்றது என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

பெருங்குளத்தை விட்டுவிட முடியாது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நீர் கசியாதிருக்கத் தார் போன்ற நிலக்கீல் பூச்சு. அதை வியக்கும்போது, நீரை வெளியேற்றிய வடிகால் ஓர் ஆள் நடந்து செல்லும் உயரமுடையது என்பதையும் சேர்த்து வியக்க வேண்டும். பிற்கால அடுக்குகளில் இந்த ஒழுங்கு தளர்கிறது. பெரிய வீடுகளைத் தடுத்துச் சிற்றறைகளாக்குகிறார்கள், குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே மண்பாண்டச் சூளைகள் வந்துவிடுகின்றன. பருவமழை நலிந்ததும் ஆறுகள் போக்கு மாறியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மொகஞ்சதாரோவைப் பொறுத்தவரை, நகரம் கைவிடப்படுவதற்கு முன்பே சாக்கடை கைவிடப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வணிகத்தைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்புகள் கொண்டுவந்திருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துச் செல்லும் கனசதுர எடைக்கற்களையும், இன்றைய இராக்கில் வாழ்ந்த சுமேரியரின் ‘ஊர்’ என்னும் பெயருடைய நகரத்து அரச கல்லறைகள் வரை சென்ற, சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லாலான மணிகளையும் பெயரளவில் குறிப்பிட்டுவிடுகிறேன். மெசொப்பொத்தேமிய ஆவணங்கள் மெலுஹா என்று குறிப்பிடும் நாடு சிந்துவெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளர் என்று தம்மைக் குறித்துக்கொண்ட சூ-இலிசு என்பவரின் உருளை முத்திரை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் வாசிக்கப்படாத சிந்துவெளி எழுத்தைப் பற்றி, நிலையத்தார் இன்னொரு முறை அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.