காதையும் தாடையையும் பார்த்துக் குற்றவாளி என்றார்கள்

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, ஜமாபந்தி வேலைக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைத் தந்த வணிகர் சங்கத்தாருக்கும் என் நன்றி.

மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? உடம்பு, மனசு, வளர்ந்த சூழல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

முதலில் உடம்பு. இத்தாலியில் சேசரே லோம்ப்ரோசோ என்றொரு மருத்துவர். தெற்கே கலாப்ரியாவில் வில்லெல்லா என்றொரு ஏழைக் கூலி. திருட்டுக்குத் தண்டனை பெற்றவர். வில்லெல்லா இறந்த பிறகு அவருடைய மண்டையோட்டை லோம்ப்ரோசோ கையில் எடுத்துப் பார்க்கிறார். பின்பக்கம், அடியில், ஒரு சின்னக் குழி. சாதாரண மனிதர்களிடம் இப்படி இருக்காது, விலங்குகளிடம்தான் இருக்கும் என்று அவருக்குப் படுகிறது. அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்! குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி, மனித குலத்தின் பழைய காட்டுநிலைக்குத் திரும்பிப் போனவன் என்று 1876-இல் புத்தகமே போட்டார். துருத்திய தாடை, பெரிய காது, நீண்ட கை, எல்லாம் அடையாளமாம். ஐரோப்பாவே இதைக் கேட்டது. அந்த மண்டையோடு இன்றும் டூரின் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரரின் தலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று வில்லெல்லாவின் சொந்த ஊர் நீதிமன்றம் வரைக்கும் போனது, கடைசியில் கிடைக்கவில்லை. லோம்ப்ரோசோ 1909-இல் இறந்தார். அவருடைய எலும்புக்கூடும் அதே அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தீர விசாரித்தவர் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர். சுமார் 3000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது என்று 1913-இல் எழுதினார்.

அடுத்து மனசு. லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் திருட்டுப் பழக்கமுள்ள 44 பிள்ளைகளை ஆராய்ந்து 1944-இல் எழுதினார். அதில் 14 பேர் யார் மேலும் பாசம் வைக்காதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சிறுவயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். இதை விரிவாகப் பேச வேண்டும், இன்று நேரம் இடம் கொடுக்காது. ஏனென்றால் நம் ஊர்க் கதைக்கு நான் வந்தாக வேண்டும்.

லோம்ப்ரோசோ புத்தகம் எழுதுவதற்கு 5 ஆண்டு முன்னால், 1871-இல், வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுவிட்டான். அவர் காதையும் தாடையையும் பார்த்தார். இவன் அதைக்கூடப் பார்க்கவில்லை, சாதியைப் பார்த்தான்; சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்றான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்கச் சொன்னதால் நம் மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். எந்தத் தப்பும் செய்யாத ஆண்பிள்ளை, பொழுது சாய்ந்தால் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிர் போனது. காணவும் இல்லை, கேட்கவும் இல்லை, தீர விசாரிக்கவும் இல்லை!

இங்கே 1947-இல் சட்டம் போனது. சந்தேகம் போனதா? பக்கத்து ஊரில் நகை காணாமல் போனால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டமே இருக்கக் கூடாது, சீர்மரபினரை, அதாவது அந்தக் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்ட மக்களை, கண்டபடி கைது செய்யக் கூடாது.

இந்தத் தீர்ப்பு நம் மாவட்டச் சிறையிலும் காவல் நிலையங்களிலும் எந்த அளவுக்கு அமலாகியிருக்கிறது? இதைக் கேட்டுத்தான் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம். நீதிபதி ஐயா முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பெயரும் ஊரும் எழுதினால் போதும், சாதி எழுத வேண்டாம். மூன்றாவதாகச் சொன்ன சூழலைப் பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுகிறேன். இப்போது தலைவர் அவர்களை அழைக்கிறேன்.