பூசணிக்குக் காலை, சுரைக்கு மாலை

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னரே குழி வெட்டி, எருவும் குழையும் போட்டு விதை ஊன்றியவர்களின் வளவில், மார்கழி பிறக்கும்போது பூசணிக் கொடி வேலியில் ஏறி நிற்கும். அந்த நாட்களில்தான் முறைப்பாடும் தொடங்கும். போன மாரியில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்: "பூவெல்லாம் நல்லாப் பூக்குது தம்பி, காய்தான் பிடிக்கேல்லை. எரு காணாதோ?"

எரு தாராளமாக இருந்தது. மழையில் தேனீ வரவில்லை, அதுதான் காரணம்.

பூசணியில் முதலில் வருபவை ஆண் பூக்கள், நீண்ட மெல்லிய காம்போடு நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று உருண்டு திரண்டிருக்கும். இரண்டும் விடியற்காலையில் விரிந்து, காலை 10 மணிக்குள் வாடத் தொடங்கிவிடும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழும். ஆகவே தேத்தண்ணி குடிக்க முன்னர் தோட்டத்துக்குப் போங்கள். ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். விரலில் மஞ்சள் தூள் போல ஒட்டினால் மகரந்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சுரைக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அதன் வெள்ளைப் பூ பொழுதுபடும் நேரத்தில் விரியும், தேடி வருவது அந்துப்பூச்சி. பீர்க்கும் மாலையில்தான் விரிகிறது. இவற்றுக்கு டோர்ச்சோடுதான் போகவேண்டும்.

இப்போது பலர் பட்டர்நட் பூசணியும் நடுகிறார்கள். அதுவும் நம்மூர்ப் பூசணியும் ஒரே இனம். பக்கத்தில் நட்டால் இந்த வருடக் காயின் சுவை மாறாது, ஆனால் அதன் விதையை ஊன்றினால் அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று சொல்ல முடியாது. விதை எடுக்க விரும்பினால், மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முதல்நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவைத் திரும்பவும் கட்டுங்கள்.

பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சுக்குக் கடதாசிப் பை போட்டால் போதும்.

சமையலுக்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சுரைக்காயை வெட்டியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. அவித்தாலும் போகாது.

அந்த அக்காவின் கொடியில் மாசியில் ஒரு காய் முற்றியது. காம்பு காய்ந்து, நகத்தால் அழுத்தினாலும் தோலில் தடம் விழாத பருவம். பாதியை வெட்டி வேலிக்கு மேலால் தந்தார். தோல் சீவாமல் துண்டம் போட்டேன், தோல் இருந்தால்தான் கரையாது. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் சேர்த்து இரண்டாம் பாலில் அவியவிட்டு, கடைசியில் முதற்பாலும் கறிவேப்பிலையும் போட்டேன். முதற்பால் விட்டபின் கொதிக்க விடாதீர்கள், பால் திரிந்துபோகும். ஓரத்தில் நுரை எழும்போதே சட்டியை இறக்கிவிடுங்கள்.