சியாத்துராவின் வடங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஜார்ஜியா நாட்டின் மேற்கே, இமெரெத்தி வட்டாரத்தில், க்விரிலா என்கிற ஆறு மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் சியாத்துரா என்று ஒரு சின்ன ஊர். ஆற்றோரம் கடைவீதி. அண்ணாந்து பார்த்தால் இருபுறமும் செங்குத்தான மலை, அதன் மேலே அடுக்குமாடி வீடுகள், சுரங்க வாய்கள். மேலே குடியிருப்பவர் ரொட்டி வாங்கக் கீழே இறங்க வேண்டும். கீழே குடியிருப்பவர் வேலைக்கு மேலே ஏற வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த ஊரின் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் உரிந்து துருவேறிய ஒரு தகரப் பெட்டி, அதாவது ஒரு ரோப் கார், பள்ளத்துக்கு நடுவே கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். ‘இரும்புச் சவப்பெட்டி’ என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியூர்க்காரர்கள் வைத்த பெயர் அது. அதில் தினமும் போய்வந்தவர்கள் அதைச் ‘சபாகிரோ’ என்றார்கள். ‘பாகிரி’ என்றால் ஜார்ஜிய மொழியில் வடம். பெட்டியை விட்டுவிட்டு வடத்தை வைத்துப் பெயர் சொன்ன அந்த மக்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இங்கே ஊர் வந்ததே மாங்கனீசினால்தான். 1879-இல் அகாகி த்ஸெரெதெலி என்ற கவிஞர் இந்த மலைகளில் தாது தேடி அலைந்தார். ஆமாம், கவிஞர்தான். ஜார்ஜியர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பெரிய கவிஞர். இரும்பை நல்ல எஃகாக்க மாங்கனீசு வேண்டும். உருக்கில் இருக்கும் கந்தகத்தின் கெடுதலை அதுதான் தடுக்கிறது. அதனால் உலகமே இந்தப் பள்ளத்தாக்குக்கு ஓடி வந்தது. 1905 வாக்கில் உலகத்தின் மாங்கனீசில் ஏறக்குறைய 60 சதவீதம் இங்கிருந்து போனது. தோண்டியவர்களோ ஒரு நாளைக்கு 18 மணி நேரம் உழைத்து, சுரங்கத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். அப்போது ரஷ்யப் பேரரசின் புரட்சிக்காரர்கள் மிதவாத மென்ஷெவிக்குகள், தீவிர போல்ஷெவிக்குகள் என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். மென்ஷெவிக்குகளின் கோட்டையாக இருந்த ஜார்ஜியாவில் இந்த ஊர் மட்டும் போல்ஷெவிக் பக்கம் நின்றது. இளைஞராக இருந்த ஸ்டாலின் இங்கே வந்து பேசித்தான் அவர்களைத் திருப்பினார்.

சரி, வடத்துக்கு வருவோம். வேலை தொடங்கும் முன்பே மலையேறிக் களைத்துப்போகும் தொழிலாளியால் சோவியத் அரசாங்கத்துக்கு நஷ்டம். அந்தக் கணக்கில்தான் 1954-இல் பயணிகளுக்கான முதல் ரோப் காரை ஓட்டினார்கள். கணக்கு தாதுவுக்காகப் போட்டதுதான். ஆனாலும் அதில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கிழவிகள் சந்தைக்குப் போனார்கள், டிக்கெட் கிடையாது. போகப் போகச் சுமார் 17 பாதைகள் ஆயின.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கிணற்றில் இரண்டு வாளியை ஒரே கயிற்றின் இரு முனையிலும் கட்டி இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குக் கைகொடுப்பதால் மோட்டாருக்கு வேலை மிச்சம். பெட்டியைத் தாங்க ஒரு தடித்த வடம், இழுக்க ஒரு மெல்லிய வடம். பெட்டிக்குள் துணைக்கு ஒருவர் வருவார், கதவைத் தாழிடுவது அவர் பொறுப்பு.

இங்கே கொஞ்சம் நின்று அந்த இழுவை வடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நிறைய மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கித் திரித்தது அது. பெட்டி ஓட ஓட, உருளைகளில் வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து அந்தக் கம்பிகள் சோர்ந்துபோகும். முதலில் ஒன்று அறும். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. அறுந்த கம்பிகளை எண்ண வேண்டும், கிரீஸ் வைக்க வேண்டும். பெட்டியோடு பிணைக்கும் முனையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெட்டியெறிந்து புதிதாகப் பிணைக்க வேண்டும். அந்த எஃகிலும் மாங்கனீசு உண்டு. எந்த உலோகத்துக்காக மலையைக் குடைந்தார்களோ, அந்த உலோகமும் சேர்ந்துதான் அந்த மக்களைத் தூக்கிச் சுமந்தது. இதை முதல்முறை யோசித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

பெட்டியின் துரு கண்ணுக்குத் தெரியும், பார்க்கிறவரைப் பயமுறுத்தும். ஆள் சாவது அதனால் இல்லை. 1990 ஜூன் 1-ஆம் தேதி தலைநகர் திபிலிசியில், ம்தாத்ஸ்மிண்டா மலைக்குப் போகும் ரோப் காரில் இழுவை வடம் விட்டுப்போய்ப் பலர் இறந்தார்கள். நல்ல நாளில் குழந்தைகளோடு கிளம்பிய குடும்பங்கள் அவை. சியாத்துராவில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் மறுநாள் காலை என்ன மனநிலையில் பெட்டியில் ஏறியிருப்பார்கள்?

அடுத்த வருடமே சோவியத் ஒன்றியம் உடைந்தது. தொண்ணூறுகளில் அந்த ஊரில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, சுரங்க வேலையும் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் சபாகிரோவும் இல்லை. போக்கிடம் இருந்தவர்கள் போய்விட்டார்கள். மக்கள்தொகை பாதிக்கும் கீழே சரிந்து, 2014 கணக்கெடுப்பில் 13,000-க்குள் வந்துவிட்டது. அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டியும் ஐம்பதுகளின் பெட்டிகள் இந்த நூற்றாண்டில் ஓடின என்றால், யாரோ சிலர் கிரீஸ் டப்பாவோடு ஏறி, உதிரி பாகம் கிடைக்காத இடத்தில் இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள் என்று அர்த்தம். படம் எடுக்கப் போனவர்கள் அந்தக் கைகளையும் எடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தத் திறமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. அறுபது வருடப் பெட்டியில் ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவைத்தது தவறு. மாற்றியிருக்க வேண்டியது எப்போதோ. பழைய பாதைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, 2021-இல் புதிய ரோப் கார்களைத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகள், தானாகத் திறக்கும் கதவுகள். மனதார வரவேற்கிறேன்.

புதிய பாதைகள் நான்கு. பழையவை சுமார் 17 என்று சொன்னேன். மீதி மலைகளில் இருப்பவர்கள் இன்று மார்ஷ்ருத்கா என்கிற சின்ன வேனுக்குக் காத்திருந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். வடத்தில் சில நிமிடத்தில் கடந்த பள்ளம்தான் அது. கையில் ரொட்டிப் பையோடு வேனுக்கு நிற்கும் அந்த மூதாட்டிக்கு, அடுத்த பாதை எப்போது வரும் என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.