வால் ஆட்டிய நாய்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சினிமாவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, 'இதோ வந்துகொண்டிருக்கிறார், இன்னும் சற்று நேரத்தில்' என்று இருபது வருடம் கத்தியவன். நான் அப்படிச் சொல்லும் நேரத்தில் தலைவர் பெரும்பாலும் தஞ்சாவூரில் குளித்துக்கொண்டிருப்பார்.

படத்தின் பெயர் 'வேக் தி டாக்' (Wag the Dog). 1997-இல் வந்த அமெரிக்கப் படம், பேரி லெவின்சன் இயக்கியது. நாய் வாலை ஆட்டும், அது தெரிந்த கதை. இதில் வால் நாயை ஆட்டுகிறது.

அமெரிக்க அதிபர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெள்ளை மாளிகைக்கு வந்த ஒரு சிறுமியிடம் அவர் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கிளம்புகிறது. அமுக்க வழியில்லை. சரி, இதைத் தூக்கிச் சாப்பிடும் செய்தி ஒன்று வேண்டும். அதற்கென்றே ஒரு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ராபர்ட் டி நீரோ, தாடியும் தொப்பியுமாக, சத்தமே போடாமல் வருகிறார். டஸ்டின் ஹாஃப்மன் ஹாலிவுட் தயாரிப்பாளர். இரண்டு பேரும் சேர்ந்து அல்பேனியாவோடு ஒரு போரைத் தயாரிக்கிறார்கள். ஏன் அல்பேனியா? அந்த நாட்டைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் தகுதி.

ஸ்டுடியோ காட்சி ஒன்று வரும். ஒரு சின்னப் பெண் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் அணைத்துக்கொண்டு வெறும் தரையில் ஓடுகிறாள். எரியும் கிராமம் கம்ப்யூட்டரில் வருகிறது, பாலம் வருகிறது, சைரன் சத்தம் வருகிறது. சிப்ஸ் பாக்கெட் பூனைக்குட்டியாக மாறுகிறது. அதற்குள் அதிபரிடமிருந்து தகவல்: பூனை வெள்ளையாக இருக்கட்டும்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேடைத் துணி என்ன நிறம் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

படம் வந்த அடுத்த மாதமே, வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த இளம்பெண்ணோடு அப்போதைய அதிபர் கிளிண்டனுக்குத் தொடர்பு என்ற விவகாரம் வெடித்தது. 1998 ஆகஸ்டில் சூடான் மீதும் ஆப்கானிஸ்தான் மீதும் அமெரிக்க ஏவுகணைகள் விழுந்தபோது, 'படம் முன்கூட்டியே சொல்லிவிட்டது' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இந்தத் தொழிலை உள்ளே போய்ப் பார்த்தவன் யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலும் அந்த டி நீரோ மாதிரி ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மேடை ஏற மாட்டார், மாலை வாங்க மாட்டார், எதிர்த்த டீக்கடையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை பொதுக்கூட்டத்துக்கு நான் மைதானம் பிடிக்கக் கிளம்பினேன். "தம்பி, மைதானம் வேண்டாம். சொசைட்டி பக்கத்துச் சந்து கிடைக்குமா கேள்" என்றார். இருநூறு பேர் மைதானத்தில் நின்றால் இருநூறு பேர். அதே இருநூறு பேரைச் சந்துக்குள் விட்டு, மேடையைச் சந்தின் வாயில் போட்டு, மாடியிலிருந்து படம் எடுத்தால் மறுநாள் பேப்பரில் 'மக்கள் வெள்ளம்'. படத்தில் ஒரு தலைகூடப் பொய்யில்லை. பூனைக்குட்டியும் தேவைப்படவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு ஹாலிவுட் படத்தோடு ஒரு சின்ன மனத்தாங்கல். ஒன்றுமில்லாததை உண்டாக்கிக் காட்டுகிறார்கள். அது செலவு பிடித்த வேலை. உள்ளதை எந்த முனையிலிருந்து காட்டுவது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. மேட்டூரில் தண்ணீர் திறப்பதைப் பாருங்கள். மதகு தூக்குவார்கள், மலர் தூவுவார்கள், அன்றைக்கே எல்லா டிவியிலும் நுரை பொங்கும். 2021-இல் ஜூன் 12 அங்கே திறந்தார்கள். கல்லணை திறந்தது 16-ஆம் தேதி. அதற்கப்புறம் வெண்ணாறு, அப்புறம் கிளை வாய்க்கால்கள், முறை வைத்துத்தான் வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்கு வர வேண்டும். ஆனால் திறந்த அன்று மத்தியானமே சென்னையிலிருந்து என் மச்சான் போன் செய்துவிடுவார். "என்ன மாப்ளே, தண்ணி வந்துடுச்சாமே, நாத்து விட்டாச்சா?" நான் அப்போது தலைஞாயிறு பக்கம் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன். கீழே வெடித்த சேறு, காய்ந்துபோன ஆகாயத்தாமரை, நடுவில் ஒரு ஆடு. "வந்துகொண்டிருக்கிறது" என்பேன். பழைய தொழில் வாக்கியம் விடுமா?

ஹாஃப்மன் கதாபாத்திரத்தைச் சொல்லாமல் விட்டேனே. போர் ஓடுகிறது, அதிபர் ஜெயிக்கப் போகிறார். தயாரிப்பாளருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த வேலை இது; இதற்குத் தன் பெயர் வர வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். காசு வேண்டாம், பதவி வேண்டாம், பெயர்தான் வேண்டும். டி நீரோ கெஞ்சிப் பார்க்கிறார், எச்சரித்தும் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் டிவியில் செய்தி: பிரபல தயாரிப்பாளர் மாரடைப்பால் காலமானார். சிரித்துக்கொண்டே வந்தவனுக்கு அங்கே தொண்டை அடைத்தது. அந்த ஆள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கு இந்த உரை தொடங்குமுன் அறிவிப்பாளர் என் பெயரை இனிஷியலோடு சொன்னார். இருபது வருடம் மைக் பிடித்தவன், மைக்கில் என் பெயரைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வணக்கம்.